மிச்சம் விழுந்த பெயிண்ட்

மாரியம்மாளின் கண்ணில் பெயிண்ட் தெறித்தபோது காலை ஏழேகால் மணி இருக்கும். குப்பை எடுக்கும் பேட்டரி வண்டியின் பின்பக்கம் நின்று மூட்டைகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தெருமுனை மின்கம்பத்தடியில் முந்தின நாளே யாரோ வைத்துவிட்டுப் போன கறுப்புப் பை அது. வாயைச் சணல் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருந்தார்கள். தூக்கும்போதே கனமாக இருந்தது.

“இரும்புச் சாமானு போல இருக்குது நீலா” என்று சொல்லிக்கொண்டே கயிற்றை அறுத்து, உள்ளே கையை விட்டு ஒரு டப்பாவை இழுத்தாள். உப்பிப்போன டப்பா. மூடி ஒரு பக்கம் அமுங்கியும் மறுபக்கம் தூக்கியும் இருந்தது. இழுத்த வேகத்தில் வண்டியின் விளிம்பில் இடித்தது. மூடி தனியே போனது. உள்ளே இருந்தது அவள் முகத்தில் போனது.

வண்டி ஓட்டிக்கொண்டிருந்த நீலாவதி கத்தல் கேட்டுக் குதித்து இறங்கினாள். மாரியம்மாள் இரண்டு கையாலும் கண்ணைக் கசக்கப் போனாள். நீலாவதி அந்தக் கைகளைப் பிடித்துக்கொண்டு, எதிர்வீட்டு வாசல் குழாயடிக்கு அவளை இழுத்துப் போனாள். தலையைச் சாய்த்துப் பிடித்து, இமையை விரலால் விலக்கி, தண்ணீரை விட்டுக்கொண்டே இருந்தாள். அதற்குள் நாலைந்து பேர் கூடிவிட்டார்கள். ஒரு அம்மா ஓடிப்போய்ப் பாட்டிலில் மண்ணெண்ணெய் கொண்டுவந்தாள்.

“இத வச்சித் தொடச்சா போயிடும்மா. எண்ணெப் பெயிண்டுதான?”

“கண்ணுகிட்ட அத எடுத்துக்கினு வராதீங்க!” நீலாவதி போட்ட சத்தத்தில் அந்த அம்மா இரண்டடி பின்னால் போனாள். “தண்ணி மட்டும் போதும். யாராவது ஆட்டோ கூப்புடுங்க.”

கால்மணி நேரம் விடாமல் கழுவினாள். கண்ணிலிருந்து போன தண்ணீர் முதலில் நீலமாகவும் பிறகு வெளுத்தும் ஓடியது. ஆனால் கன்னத்திலும் கழுத்திலும் அப்பியிருந்த நிறம் போகவில்லை. நீலமும் இல்லை, பச்சையும் இல்லை. வெயில் பட்டால் இரண்டும் தெரியும். அந்த நிறத்துக்குப் பெயர் மயில்கழுத்து. நீலாவதிக்கு அது தெரியும். கடைக்காரர் சொல்லித் தெரிந்ததில்லை. போன வாரம் அவள் புருஷன் தனக்கோடி சாயங்காலம் வீட்டுக்கு வந்து, முழங்கையில் இருந்த இதே நிறத்தைத் தேய்த்து எடுத்துக்கொண்டிருந்தபோது கேட்டுத் தெரிந்துகொண்டது. தனக்கோடி பெயிண்டர்.

ஆட்டோவில் போகும்போது மாரியம்மாள் அவள் கையை விடவே இல்லை. நீலாவதி வாயைத் திறக்கவில்லை.

அரசு மருத்துவமனையில் டாக்டரம்மா கண்ணில் சொட்டு மருந்து விட்டு, விளக்கு அடித்துப் பார்த்தார். கருவிழியில் ஒரு கீறல் இருக்கிறது, பார்வைக்கு ஒன்றும் ஆகாது, கட்டுப் போடுகிறேன், மூன்று நாள் கழித்து வரவேண்டும் என்றார்.

“ஒடனே தண்ணி ஊத்திக் கழுவினது யாரு?”

“நான்தாங்க.”

“நல்ல வேல செஞ்சீங்க. இல்லன்னா இது வேற மாதிரி போயிருக்கும்.”

அந்தப் பாராட்டு நீலாவதிக்கு எங்கேயோ குத்தியது.

வெளியே துப்புரவுப் பணி மேற்பார்வையாளர் அன்பரசன் நின்றுகொண்டிருந்தான். முப்பது வயசுக்காரன், சட்டென்று சூடாகிவிடுவான். டப்பா கிடந்த இடத்தைப் போட்டோ எடுத்து வைத்திருந்தான்.

“பையில ஒண்ணு இல்லக்கா, நாலு டப்பா இருக்குது. எல்லாம் ஒரே வூட்டுதுதான். கண்டுபுடிக்கிறது ஒண்ணும் கஷ்டமில்ல. வாசக் கேட்டுக்கு இந்தக் கலர்ல பெயிண்டு அடிச்ச வூடு அந்தப் பக்கம் ஒண்ணே ஒண்ணு. பீங்கான் கம்பெனி வச்சிருக்காரே மாணிக்கவேலு, அவரு வூடு. நாளைக்குக் காலையில அபராத நோட்டீஸ் கொண்டுபோய் அவரு கையிலயே குடுக்கிறேன்.”

கூட வந்திருந்த பணியாளர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். அந்த வீட்டுக் குப்பையை ஒரு மாசத்துக்கு யாரும் தொடக்கூடாது என்றார்கள். நீலாவதி தலையை ஆட்டினாள். சரி என்று ஆட்டினாளா, வேண்டாம் என்று ஆட்டினாளா என்பது அவளுக்கே தெரியாது.

மாரியம்மாளை வீட்டில் விட்டுவிட்டு, மத்தியானம் மூன்று மணிக்கு நீலாவதி மாணிக்கவேல் வீட்டுக்குப் போனாள். போகிற வழியெல்லாம் அவள் வேண்டிக்கொண்டது ஒன்றுதான்: வீட்டுக்காரர்களே தூக்கிப் போட்டிருக்க வேண்டும். வேலைக்காரப் பெண் போட்டிருக்கலாம். மீந்ததை இவரே கொண்டுபோய் வைத்திருக்கலாம். பெயிண்ட் அடித்தவன்தான் போட்டான் என்று யார் சொன்னது?

கேட்டு பளபளவென்று இருந்தது. மாணிக்கவேல் வாசலில் நாற்காலி போட்டுச் செய்தித்தாள் பார்த்துக்கொண்டிருந்தார். ஊருக்கு வெளியே பீங்கான் பேட்டையில் அகல்விளக்கும் பொம்மையும் செய்கிற சின்னக் கம்பெனி அவருடையது. மகன் நிச்சயதார்த்தத்துக்காக வீடு முழுக்கப் பெயிண்ட் அடித்திருந்தார்.

“என்னம்மா, குப்பதான் காலையிலயே வாங்கிட்டுப் போயிட்டாங்களே?”

“அதுக்கு வரலைங்க. பெயிண்டு வேலை முடிஞ்சதும் மீந்த டப்பாவெல்லாம் என்னா பண்ணீங்க?”

“ஏன் கேக்கறே?”

நீலாவதி காலையில் நடந்ததைச் சொன்னாள். அவர் செய்தித்தாளை மடித்துக் கீழே வைத்தார்.

“அடடா. கண்ணு எப்படி இருக்குது?”

“கட்டுப் போட்டிருக்காங்க. பார்வைக்கு ஒண்ணும் இல்லன்னு சொன்னாங்க.”

“மீந்ததுன்னா நெறைய மீந்துபோச்சும்மா. இருவது லிட்டரு வாங்கினா வெலையக் கொறச்சிப் போட்டுத் தரேன்னு கடைக்காரன் சொன்னான், நானும் வாங்கிட்டேன். வேலை முடிஞ்ச அன்னிக்குப் பாத்தா மாடிப்படிக்குக் கீழ ஏழெட்டு டப்பா. நிச்சயத்துக்கு ஆளுங்க வர்ற நேரம். பெயிண்டரக் கூப்புட்டு, எல்லாத்தயும் எடுத்துட்டுப் போய்டுப்பா, ஒனக்கு எங்கயாச்சும் ஆவும்னு சொன்னேன். அவரு வேணாம், வூட்ல எடமில்லன்னாரு. நான்தான் வம்பா வண்டியில தூக்கி வச்சேன்.”

“பெயிண்டரு யாருங்க?” தெரிந்தே கேட்டாள்.

“தனக்கோடின்னு ஒருத்தரு. நல்ல வேலைக்காரரு. ஒங்களுக்குத் தெரியுமா?”

நீலாவதி கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள். தெரியாது என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். நாளைக்கு அன்பரசன் வருவான், நோட்டீஸ் கொடுப்பான், இவர் பெயிண்டர் பெயரைச் சொல்வார். அப்போது அது ஊர் முழுக்கத் தெரியும்.

“எங்க வூட்டுக்காரருதாங்க” என்றாள்.

மாணிக்கவேல் நாற்காலியிலிருந்து எழுந்தார். குடிக்கத் தண்ணீர் கொண்டுவரச் சொல்லி உள்ளே குரல் கொடுத்தார்.

தனக்கோடி அன்றைக்கு ஆறு மணிக்கே வந்துவிட்டான். பைக்கை நிறுத்திவிட்டு, கைகால் கழுவி, டீயை வாங்கி இரண்டு வாய் குடிக்கிறவரை நீலாவதி காத்திருந்தாள்.

“செராமிக்ஸ்காரரு வூட்டு டப்பாவ எங்க போட்டீங்க?”

“ஏன்?”

“எங்க போட்டீங்கன்னு கேட்டேன்.”

“வர்ற வழியில. கம்பத்துகிட்ட. நாலு அங்க, மிச்சம் நம்ம வூட்டுப் பின்னாடி இருக்குது. நீதான் பாக்கல.” டீயைக் கீழே வைத்தான். “காலையில வண்டி வந்து எடுத்துக்கும்னு நெனச்சிதான் பைல கட்டி வச்சேன். ரோட்ல ஒண்ணும் ஊத்தலயே?”

“அந்தத் தெருவுக்கு இப்ப என் வண்டிதாங்க வருது.”

அவன் நிமிர்ந்து பார்த்தான். அவள் எல்லாவற்றையும் சொன்னாள். மாரியம்மாள் பெயரைச் சொன்னபோது அவன் முகம் செத்துப்போனது. அந்த அக்கா இந்த வீட்டில் எத்தனையோ முறை சாப்பிட்டிருக்கிறாள். இவர்கள் மகள் தமிழினிக்குக் காய்ச்சல் வந்தபோது நாலு நாள் நீலாவதியின் வேலையையும் சேர்த்துப் பார்த்தவள்.

பிறகு அவன் சொன்னான்: “பொங்கலுக்கு முன்னாடி நீ என்னா சொன்ன? வூட்டாண்ட ஒரு டப்பா வரக்கூடாதுன்னு சொன்னியா இல்லியா?”

சொன்னது உண்மைதான். அவன் பதினெட்டு வருஷமாகப் பெயிண்ட் அடிக்கிறான். எந்த வீட்டில் வேலை முடிந்தாலும் மீந்ததை அவன் தலையில்தான் கட்டுவார்கள். வீட்டுக்குப் பின்னால் கூரைத்தகடு போட்ட சாய்ப்பில் டப்பா மேல் டப்பாவாக ஏறிக்கொண்டே போயிற்று. ஒன்று துருப்பிடித்து ஒழுகி, துணி துவைக்கிற கல்லெல்லாம் பச்சையாகிவிட்டது. அன்றைக்குத்தான் நீலாவதி அப்படிக் கத்தினாள். இனிமேல் ஒன்று வந்தாலும் தெருவில் எறிவேன் என்றாள். அவள் எறியவில்லை. அவன் எறிந்துவிட்டான்.

“சாக்கடையில ஊத்தலாம். எல்லாரும் ஊத்தத்தான் ஊத்துறான். அது நேரா ஆத்துக்குப் போவும்னு நான் ஊத்தறதில்ல. கொளுத்தினா பொகையில நிக்க முடியாது. எங்கதான் கொண்டுபோறது, நீயே சொல்லு.”

அவளுக்கும் தெரியவில்லை. இத்தனைக்கும் மக்கும் குப்பை எது, மக்காத குப்பை எது என்று வீடுவீடாக நின்று சொல்கிறவள் அவள்தான். பெயிண்ட் எதில் சேரும் என்று இதுவரை யாரும் அவளைக் கேட்டதில்லை; அவளும் யாரையும் கேட்டதில்லை.

“அத அப்பறம் பாப்பம். காலையில மொதல்ல அக்கா வூட்டுக்குப் போவணும்” என்றாள்.

“நான் எப்படி மூஞ்சில முழிக்கிறது?”

“முழிக்கத்தான் வேணும்.”

மறுநாள் காலை இருவரும் போனபோது மாரியம்மாள் கட்டிலில் உட்கார்ந்து ஒற்றைக் கண்ணோடு இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கழுத்தில் நீலத் திட்டுகள் அப்படியே இருந்தன. தனக்கோடி வாசல்படியைத் தாண்டாமல் நின்று, சுற்றி வளைக்காமல் சொன்னான்.

“அக்கா, அந்த டப்பாவ வச்சது நான்தான்.”

மாரியம்மாள் இட்லியைப் பிட்ட கையோடு அவனைப் பார்த்தாள். பிறகு நீலாவதியைப் பார்த்தாள்.

“ஒனக்கு எப்பத் தெரியும்?”

“அப்பவே சந்தேகம்க்கா. கலரப் பாத்ததுமே.”

“ஆட்டோவுல வரும்போதேவா?”

“ஆமாங்க்கா.”

“ஆட்டோ முச்சூடும் எவன் வச்சானோ அவன் நாசமாப் போவன்னு திட்டிக்கினு வந்தனே, நீ பக்கத்துல ஒக்காந்து கேட்டுக்கினுதான வந்த?”

நீலாவதியின் கண்கள் நிரம்பின. மாரியம்மாள் தட்டைத் தள்ளி வைத்தாள். அவளுக்கு நிஜமாகவே கோபம் வந்திருந்தது. அது தனக்கோடி மேல் கொஞ்சம்தான், நீலாவதி மேல்தான் அதிகம்.

“அவரு தெரியாம வச்சிட்டாரு. நீ தெரிஞ்சிக்கினு சும்மா இருந்த. எனக்கு அதான் ஆற மாட்டங்குது.”

“தப்புதாங்க்கா.”

“போங்க ரெண்டு பேரும். எனக்குப் பேசப் புடிக்கல.” வாசல் வரை போன பிறகு மறுபடி குரல் கொடுத்தாள். “தம்பி, இது கழுத்துலேர்ந்து எப்படிப் போவும்? அத சொல்லிட்டுப் போ.”

“தேங்காண்ணெ தேச்சி ஊறவச்சி சோப்பு போடுங்கக்கா. ரெண்டு மூணு நாளு ஆவும். தின்னரு, மண்ணெண்ண எதுவும் வேணாம்.”

அங்கிருந்து நேராக அன்பரசனிடம் போனார்கள். அவன் நோட்டீஸ் எழுதி மேஜை மேல் வைத்திருந்தான். கேட்டு முடித்ததும் அதைக் கிழிக்கவில்லை. பெயரை மட்டும் அடித்து, தனக்கோடி பெயரை எழுதி நீட்டினான். நீலாவதியின் முகத்தைப் பார்க்காமலேயே செய்தான். தனக்கோடி கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டான்.

“அபராதத்தக் கட்டிடறேன் சார். ஆனா எங்க வூட்ல இன்னும் முப்பது டப்பா இருக்குது. எங்க போட்டா சரின்னு சொல்லுங்க, அங்க போடறேன்.”

அன்பரசன் பேனாவை மூடினான். கொஞ்சம் யோசித்தான். குப்பையைத் தரம் பிரிக்கிற உரக்கிடங்கில் ஆபத்தான வீட்டுக் கழிவுக்கென்று சிவப்புப் பீப்பாய் ஒன்று இருக்கிறது. பழைய பேட்டரி, டியூப்லைட், காலாவதியான மாத்திரை எல்லாம் அதில்தான் போகும். எனாமல் என்கிற எண்ணெய்ப் பெயிண்ட் அதில் சேரும். தண்ணீர்ப் பெயிண்ட் அதில் வராது, அதுவும் பக்கெட் பக்கெட்டாக வந்தால் தாங்காது என்றான்.

“ஞாயித்துக்கிழமை எல்லாத்தையும் கிடங்குக்குக் கொண்டாங்க. எதையும் ஊத்தாம, ஒடைக்காம கொண்டாங்க. ஒண்ணொண்ணா பிரிச்சிப் பாக்கலாம்.”

ஞாயிற்றுக்கிழமை குட்டியானைச் சரக்கு வண்டியில் டப்பாக்கள் போய் இறங்கின. மொத்தம் முப்பத்திநாலு. தனக்கோடி தரையில் பழைய பேனர் ஒன்றை விரித்து, ஸ்க்ரூ டிரைவரால் மூடியை நெம்பி நெம்பித் திறந்தான். தொழில் தெரிந்த கை, சீக்கிரம் நடந்தது. குச்சியை விட்டுக் கிளறினால் கலங்கிக் கரைவது நல்லது. தயிர் மாதிரி திரிந்து நின்றால் உதவாது. மூக்கைப் பொத்துகிற மாதிரி ஊசின நாற்றம் வந்தால் அதுவும் உதவாது. எனாமல் மேல் ஆடை படிந்திருந்தால் சுற்றிலும் கத்தியால் வெட்டி எடுத்துவிட்டு, பழைய நைலான் சேலைத் துணியில் வடிகட்டினான். நீலாவதி கையுறை போட்டுக்கொண்டு நாலு வரிசையாக எடுத்து வைத்தாள்.

எமல்ஷன் என்கிற தண்ணீர்ப் பெயிண்டில் நல்லது பதினொரு டப்பா தேறியது. வெள்ளை, சந்தனம், ரோஸ், இளம்பச்சை என்று டப்பாவுக்கொரு நிறம். எல்லாவற்றையும் ஒரே டிரம்மில் ஊற்றிக் கலக்கினால் எது வரும் என்று அன்பரசன் கேட்டான். “வெளுத்த மண்ணு கலரு வரும் சார். செவுத்துக்குப் பாந்தமாத்தான் இருக்கும்” என்றான் தனக்கோடி. அப்படித்தான் வந்தது. கிடங்கின் உள்சுவருக்கு அதை அடித்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. நல்ல எனாமலை ஒன்றாகக் கலந்ததில் கரும்பழுப்பு கிடைத்தது. துருவேறின தள்ளுவண்டிகளுக்கு அது போதும். உதவாத எனாமலும் கலங்கல் தின்னரும் மூடியை இறுக்கி, மேலே எழுதி ஒட்டி, சிவப்புப் பீப்பாய்க்குப் போயின.

மிஞ்சியது கெட்டுப்போன எமல்ஷன். டப்பாக்களில் பாதிக்குப் பாதி இன்னும் திரவமாகவே இருந்தது. அப்படியே குப்பையில் சேர்த்தால் மறுபடி ஒழுகும். வெயிலில் காயவைக்க வேண்டுமானால் வாரக்கணக்கில் ஆகும்.

அப்போது மாணிக்கவேல் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். பின்சீட்டில் ஒரு சாக்கு மூட்டை. அன்பரசன்தான் முந்தின நாள் அவரிடம் பேசியிருந்தான்.

“என் டப்பாவும் இதுல இருக்குது இல்ல? நான் பாட்டுக்கு வூட்ல ஒக்காந்திருக்க முடியுமா?” மூட்டையை அவிழ்த்தார். கம்பெனியில் பொம்மைகளைச் சூளையில் வைக்குமுன் சீவி எடுக்கிற பச்சை மண், காய்ந்து மாவாகிக் கிடப்பது. “இது தண்ணிய எப்படி இழுக்குதுன்னு பாருங்க. சுட்ட பீங்கான் இழுக்காது. சுடாத மண்ணுதான் இழுக்கும்.”

தனக்கோடி ஒரு டப்பாவில் இரண்டு கை மண்ணை அள்ளிப் போட்டுக் கிளறினான். கூழானது. இன்னும் இரண்டு கை. கொழுக்கட்டை மாவு மாதிரி இறுகியது. மூடி போடாமல் வெயிலில் வரிசையாக வைத்தார்கள். சாயங்காலத்துக்குள் மேல்பக்கம் வெடிப்பு விட்டு, கவிழ்த்தாலும் விழாமல் நின்றது. காய்ந்த கட்டியை மக்காத குப்பையில் சேர்க்கலாம், காலி டப்பா பழைய இரும்புக்குப் போகலாம் என்றான் அன்பரசன். தன் கைப்பேசியில் அதையும் போட்டோ எடுத்தான்.

மாரியம்மாள் பன்னிரண்டாம் நாள் வேலைக்கு வந்தாள். கட்டு அவிழ்த்தாயிற்று, பார்வைக்குக் குறையில்லை. முதல் இரண்டு நாள் நீலாவதியிடம் வேலைப் பேச்சு மட்டும்தான். மூன்றாம் நாள் ஒரு வீட்டு வாசலில் பெயிண்ட் பக்கெட்டோடு ஒருவர் வந்து நின்றார். நீலாவதி அதை வாங்கப் போனாள். மாரியம்மாள் தடுத்து, அவரைப் பார்த்துச் சொன்னாள்:

“மொதல்ல மூடிய நல்லா அமுக்குங்க. சுத்தியல வச்சித் தட்டுங்க. உள்ள என்னா இருக்குதுன்னு மேல எழுதிட்டு, ஞாயித்துக்கிழமை நீங்களே கிடங்குக்குக் கொண்டாந்து குடுங்க. வண்டியில போட மாட்டம். எங்களுக்கும் கண்ணு ரெண்டுதான் இருக்குது.”

அந்த ஆள் போனதும் நீலாவதியைப் பார்த்து, “வண்டிய எடு, வெயிலு ஏறுது” என்றாள். அன்றைக்கு இருவரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

தனக்கோடிக்கு அடுத்த வேலை மங்கலம்பேட்டையில் கிடைத்தது. வீட்டுக்காரர் வெளிநாட்டிலிருந்து லீவில் வந்திருந்தார். எல்லாரையும் போல இருபது லிட்டருக்குக் கடைச்சீட்டு எழுதச் சொன்னார். தனக்கோடி டேப்பை எடுத்துச் சுவர் சுவராக அளந்தான். கதவையும் ஜன்னலையும் கழித்தான். சிமெண்டுப் பையின் பின்புறத்தில் கணக்குப் போட்டுவிட்டு, பதினாலு லிட்டர் போதும், மீந்தால் நீங்கள்தான் வைத்துக்கொண்டு அழவேண்டும் என்றான். வீட்டுக்காரருக்குச் சந்தோஷம்.

நாலாம் நாள் மத்தியானம் தனக்கோடி நீலாவதிக்குப் போன் செய்தான். குரல் இறங்கியிருந்தது.

“பெட்ரூமுல ஒரு செவுரு நிக்குது. பெயிண்டு தீந்துபோச்சு. செவுரு நெறைய உறிஞ்சிடுச்சி. மறுபடி கடைக்குப் போய் ஒரு லிட்டரு கலந்து வாங்கினேன். லேசா ஒரு சாயல் மாறுது. அவரு மூஞ்சியத் தூக்கி வச்சிக்கினு இருக்காரு.”

நீலாவதி வண்டியை ஓரமாக நிறுத்தினாள்.

“ரொம்ப மாறுதா?”

“உத்துப் பாத்தாத் தெரியும். இல்லன்னா சொன்னாத்தான் தெரியும்.”

“அந்த ரூமுல பீரோ எங்க இருக்குது?”

“எதுத்த செவுத்தோரம். ஏன்?”

“சாயல் மாறின செவுத்துப் பக்கம் நவுத்திப் போடச் சொல்லுங்க.”

“இரு, கேட்டுப் பாக்கறேன்” என்று சொல்லிவிட்டு அவன் போனை வைத்தான்.